இரண்டெழுத்துப் பெயர்களும் ஓர் இயந்திர நாயும்

நிலா. சிபி. ரவி. மனோ. ஜீவா. ஜீனோ.

ஒவ்வொரு பெயரிலும் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுதான். சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ நாவலில் 2021ஆம் ஆண்டு இந்தியாவில் யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. அரசாங்க உத்தரவு. பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் எத்தனை வயது வரை உயிரோடு இருக்கலாம் என்பதையும் அரசாங்கமே முடிவு செய்யும். நாட்டை ஆள்பவர் ஜீவா என்ற சர்வாதிகாரி. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவும் போகிற போக்கில் நம் காதில் விழுந்துவிடும். உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற பழக்கமே சுஜாதாவுக்கு இல்லை.

நிலாவுக்கும் சிபிக்கும் குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் சிபி காணாமல் போகிறான். அந்த நேரம் பார்த்து ரவி என்ற முன்பின் தெரியாத ஒருவன், அரசாங்கம் தனக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி, அவள் வீட்டில் தங்க வந்து நிற்கிறான். கூடவே ஒரு நாய்க்குட்டி. இயந்திர நாய். அதுதான் ஜீனோ. பேசும். கேலி செய்யும். சொன்ன வேலையைச் செய்யும். பிறகு மெல்ல மெல்ல, சொல்லாத வேலையையும் செய்யத் தொடங்கும்.

இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன். சொன்னால் படித்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். படிக்காதவர்கள் பிற்பாடு திட்டுவார்கள்.

1980களில் ‘ஆனந்த விகடன்’ வார இதழில் தொடர்கதையாக வந்த நாவல் இது. ‘மீண்டும் ஜீனோ’ என்று இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. இந்தியாவில் தூர்தர்ஷன் இதைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பியது. எழுதியவரின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார். அப்துல் கலாமும் அதே இரண்டு கல்லூரிகளில் படித்தவர்தான். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு இருந்தது. நாட்டுக்கு ஓட்டுப் போட இயந்திரம் செய்துகொடுத்தவர், ஓட்டே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து கதை எழுதியிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த தகவல்.

நான் இதைப் படித்தது 2021இல்தான். கதை நடக்கும் அதே ஆண்டு. நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, அப்படி அமைந்தது. அப்போது படிவம் நான்கு. ஜூன் 1ஆம் தேதி நாடு முழுவதும் முழு முடக்கம் தொடங்கியது. மாநிலம் தாண்ட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும். கடைக்குப் போனாலும் மைசெஜாத்திராவில் பதிய வேண்டும். இல்லிருப்புக் கற்றல் என்று பெயர்தான், ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்குள் இணையம் சரியாகக் கிடைக்காது. வகுப்பு இருக்கும் நாள்களில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி, தேயிலைச் செடி ஓரமாகக் குடை பிடித்து உட்கார வேண்டும். மழை வந்தால் வகுப்பு முடிந்தது. கேமரன் மலையில் மழை எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மழை பெய்த ஒரு மதியம், பரண்மேல் இருந்த சதுர பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டு. விகடனிலிருந்து வாரம் ஒன்றாக வெட்டியெடுத்த பக்கங்களை அடுக்கி, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலுறையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் சின்னத் தாத்தாவின் கைவேலை. அவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர். ஈப்போவிலிருந்து வரும் பேருந்தில் யாரிடமாவது சொல்லி விகடனை வரவழைத்துப் படிப்பாராம். ஓய்வு பெற்று ஈப்போவுக்கே போய்விட்டார். கட்டு மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

இப்போது கடையில் கிடைக்கும் புத்தகத்தில் அத்தியாயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்தக் கட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு வாரமும் தனியாகத் தெரியும். ஓரத்தில் கத்தரிக்கோல் போன கோடு, பின்பக்கத்தில் பாதி துணுக்கும் பாதி விளம்பரமும், அடியில் ‘தொடரும்’ என்ற சொல். இந்தக் கதைக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அந்தக் கட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. ஏழு நாள் காத்திருக்கப் போகிறவருக்காக எழுதியது அது. இடையில் அவருக்குச் சம்பள நாள் வரும், சண்டை வரும், காய்ச்சல் வரும், வேறு நான்கு தொடர்கதைகளும் வரும். அவ்வளவையும் தாண்டி அடுத்த வாரம் நிலா என்ன ஆனாள் என்று அவர் நினைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வாரத்தின் கடைசி வரியிலும் ஒரு கதவு திறக்கும், அல்லது யாராவது வந்து நிற்பார்கள், அல்லது நாம் நம்பிக்கொண்டிருந்த ஒன்று பொய் என்று தெரியவரும். அடுத்த வாரத்தின் முதல் வரி அந்த இடத்திலேயே தொடங்கும். முன்கதையை நினைவூட்டவெல்லாம் நிற்காது.

வாக்கியங்களும் அப்படித்தான். நான்கு சொல், ஐந்து சொல். இருவர் பேசினால் யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லாமல் பேச்சை மட்டும் கொடுப்பார். பேச்சின் தொனியை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். படி இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே படிபோல இறக்கி அச்சிட வைத்தவர் சுஜாதா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மாதிரிக் குறும்பு அவருக்கு எப்போதும் உண்டு. அறிவியலையும் ஒரு வரிக்கு மேல் விளக்க மாட்டார். புரிந்தால் புரியட்டும், இல்லையென்றால் ஜீனோ அடித்த நகைச்சுவையாவது புரியட்டும் என்று விட்டுவிடுவார்.

நம்மில் பலர் தமிழ்க் கதையைப் படித்தது தேர்வுக்காகத்தான். கருப்பொருள், துணைக்கருப்பொருள், கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, படிப்பினை. இந்த ஆறு தலைப்புக்கும் விடை எழுதியே பழகிய கண், கதையைப் படிக்கும்போதே கீழே கோடு போட்டுக்கொண்டு போகும். தேர்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் நான் விரும்பிப் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அடுத்த பக்கம் என்ன என்று தவிக்க வைக்கும் கதை தமிழில் இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டைத்தான் முதல் முறையாக, விளக்கை அணைக்கச் சொல்லி அப்பா இரண்டு தடவை குரல் கொடுத்த பிறகும் படித்தேன். தமிழில் என் வாசிப்பு வேகம் எவ்வளவு குறைந்திருந்தது என்பது முதல் பத்துப் பக்கத்தில் தெரிந்தது. நூறாவது பக்கத்தில் அந்தக் கவலையே இல்லை.

பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான் தனியாகச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் மாலையில் இரண்டு வாரத்துக் கதை. பாட்டி நல்ல கேட்பாளர் இல்லை. இடையில் பேசிக்கொண்டே இருப்பார். சிபி காணாமல் போன இடத்தில் கதையை நிறுத்திவிட்டு 1967க்குப் போய்விட்டார். அந்த ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் தானா ராத்தாவில் தான் தங்கியிருந்த பங்களாவிலிருந்து மதியம் வெளியே போனார். திரும்பி வரவில்லை. போலீஸ், இராணுவம், காட்டை அறிந்த பூர்வகுடியினர் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். இன்று வரை அவர் என்ன ஆனார் என்று தெரியாது. பாட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. காட்டு ஓரத்து நிரைகளில் கொழுந்து பறிக்கவே பெண்கள் பயந்தார்களாம். “அந்தத் தொரைய நாடே தேடுச்சி. இந்தப் பிள்ள புருசனத் தேட ஒரு நாயிதான் இருக்கு” என்றார். நிலாவின் நிலையை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தத் தேர்விலும் எழுதியதில்லை.

மக்களுக்கு எண் கொடுத்த இடத்தில் பாட்டி ஆச்சரியப்படவில்லை. தன் செக்ரோல் எண்ணைச் சொன்னார். வேலையை விட்டுப் பல ஆண்டு ஆகியும் அது அவருக்கு மறக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான் என்றார். என் மைகாட்டில் இருக்கும் 12 இலக்கங்களும் எனக்கு மனப்பாடம்தான் என்று சொன்னேன். “ஒனக்கு நீளமான நம்பரு” என்று சிரித்தார்.

அரசு குறித்த வயது வந்துவிட்டால் முதியவர்களின் கணக்கை முடித்துவிடும் என்ற பகுதியைப் படித்தபோதுதான் அமைதியாகிவிட்டார். சற்று நேரம் கழித்து, “அப்ப இது என்னா கண்ணு, நம்ம வீட்டுக் கணக்கு மாரியா?” என்று கேட்டார்.

தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. எங்கள் வீடு எங்களுடையது அல்ல. நிர்வாகத்தின் வீடு. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யும் வரை அதில் இருக்கலாம். கடைசி ஆளும் ஓய்வு பெற்றுவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாட்டி 2004இல் 55 வயதில் ஓய்வு பெற்றார். அப்பா வேலையில் இருந்ததால் வீடு தப்பியது. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தாண்டு சம்பளம் மட்டுமல்ல, ஐந்தாண்டு கூரையும்கூட. அப்பாவுக்கு இப்போது 57. அக்கா கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. மூன்று வருடத்தில் அந்தப் பரணை யார் காலி செய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு.

கற்பனைச் சர்வாதிகாரியையும் தோட்ட நிர்வாகத்தையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பாட்டியும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில்தான் அவர் பிள்ளைகளை வளர்த்தார், நல்ல நாள்களும் நிறைய இருந்தன. ஆனால் கதை அவ்வளவு வேகமாக ஓடாமல், நின்று நிதானமாக ‘முதியோரைச் சமுதாயம் எப்படி நடத்துகிறது’ என்று பேசியிருந்தால், பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தூங்கியிருப்பார். அடுத்து என்ன என்ற ஆவலில் நாம் ஓடிக்கொண்டிருக்கும்போது காலில் ஏதோ இடறுகிறது. குனிந்து பார்த்தால் நம் வீட்டுப் பொருள். விறுவிறுப்பான கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசை.

ஜீனோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘ரோபோ’ என்ற சொல் முதன்முதலில் வந்தது 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தில். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. பண்ணை முதலாளிக்குக் குடியானவர் செய்து கொடுக்க வேண்டிய வேலை. இதை ஒரு விரிவுரையில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது எந்த இயந்திரமும் அல்ல, கங்காணி வழியாகக் கப்பலேறி வந்த எங்கள் கொள்ளுத்தாத்தாதான். இப்போது எங்கள் மலைச்சரிவில் விரலால் கொழுந்து கிள்ளுவதைப் பார்ப்பது அரிது. முதலில் பெரிய கத்தரி வந்தது. பிறகு இரண்டு பேர் நிரையின் இரு பக்கமும் நின்று தூக்கிக்கொண்டு நடக்கும் இயந்திரம். அது வெட்டுகிற இலை பின்னால் இருக்கும் பைக்குள் போய் விழும். அதைப் பிடித்து நடப்பவர்களில் பலர் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அந்த இயந்திரம் இரைச்சல் போடும், அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்காது.

ஜீனோ கேட்கும். அதனால்தான் அது பிடித்துப்போகிறது. கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டிய ஒரு பொருள், தானாக யோசிக்கத் தொடங்கி, யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கும் கதை இது. சோனி நிறுவனம் ‘ஐபோ’ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல். விகடன் வாசகர்களுக்கு அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே ஒன்று கிடைத்துவிட்டது, அதுவும் வாயாடி நாய். 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வந்த பிறகு, இயந்திரத்தோடு பேசுவது நமக்கு ஒரு விஷயமே இல்லை. நான் தினமும் பேசுகிறேன், நிரலில் பிழை தேடச் சொல்கிறேன். அது பணிவாகப் பதில் சொல்கிறது. ஜீனோ இருந்திருந்தால் முதலில் என் நிரலைக் கிண்டல் செய்திருக்கும் என்று தோன்றும்.

விடுதியில் என்னோடு இருக்கும் இரண்டு தோழிகளில் ஒருத்தி மலாய்க்காரி, இன்னொருத்தி சீனப் பெண். செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை பற்றிய ஒரு பாடத்துக்குக் குழுவாகத் தயார் செய்யும்போது, ஜீனோவின் கதையை அவர்களுக்கு மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். ஒரே இரவில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பதினோரு மணிக்குத் தூக்கம் வந்துவிட்டது. நிறுத்தினேன். தற்செயலாக நிறுத்திய இடம், சுஜாதா ‘தொடரும்’ போட்ட இடங்களில் ஒன்று. மறுநாள் காலை பல் துலக்கும்போதே “அப்புறம்?” என்றாள் ஒருத்தி. பிறகு ஐந்து இரவு வேண்டுமென்றே அப்படி நிறுத்தினேன். 1980களின் உத்தி 2020களிலும் வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. கதை தொடங்கும்போது நிலா கொஞ்சம் அதிகமாகவே அப்பாவி. ஆண்கள் விளக்க, அவள் விழிக்கிறாள். அவள் மாறுவது எனக்குப் பிடித்தது, ஆனால் இன்னும் சீக்கிரம் மாறியிருக்கலாம் என்று அக்காவும் நானும் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறோம். சில தொழில்நுட்பச் சொற்களில் எண்பதுகளின் வாசனை அடிக்கும். ‘மீண்டும் ஜீனோ’வில் ஜீனோ இல்லாத பக்கங்கள் கொஞ்சம் இழுக்கின்றன. அதையும் விடாமல் படித்தேன், ஜீனோவுக்காக. இதை முடித்தவர்களுக்கு சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகளைப் பரிந்துரைப்பேன். ஒரு பேருந்துப் பயணத்துக்கு ஒரு கதை போதும். தாப்பா சாலை வழியாக மலையிறங்குபவர்கள் மட்டும் பேருந்தில் படிக்க வேண்டாம். அந்த வளைவுகளில் நல்ல கதையும் வயிற்றைக் கலக்கும்.

சின்னத் தாத்தாவின் கட்டில் ஒரு வாரம் இல்லை. அந்த இதழ் அவருக்கு வந்து சேரவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, பென்சிலால் ‘இந்த வாரம் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். நானும் பாட்டியும் அந்தத் தாளைத் தாண்டிக் குதித்துத்தான் கதையை முடித்தோம். பல்கலைக்கழகம் வந்த பிறகு புத்தகப் பதிப்பை வாங்கினேன். விட்டுப்போன பகுதியைக் கண்டுபிடித்துப் படிக்க எனக்கு ஏழு நிமிடம் ஆனது. சென்ற தீபாவளிக்கு ஈப்போ போனபோது அதைச் சின்னத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அப்படியா? நான் வேற மாதிரி நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றார்.

எப்படி என்று கேட்டேன். சொன்னார். நாற்பது நிமிடம் ஓடியது. அவர் கதையில் ஜீனோவுக்கு இன்னும் அதிக வேலை இருந்தது.